நன்றி சேர்

எங்கள் விரிவுரையாளர் கணினித் திரையை வாசிக்கும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவார். பாடங்களை வலைப்பதிவில் எழுதி, கீழே எங்கள் கருத்தைக் கேட்பார். ஊர்காவற்றுறை இணையக் கடையிலிருந்து நாங்கள் எல்லோரும் ஒரே பதில்தான் எழுதினோம்: “நன்றி சேர்.”

ஒருநாள் நான் இருந்தபோது அந்தக் கடைக்கே வந்துவிட்டார்.

“நீர் நன்றி எழுதினது போதும். நான் எங்கை பிழை விட்டனான் எண்டு எழுதும்.”

“படிப்பிக்கிற ஆளுக்குப் பிழை சொல்ல ஏலாது, சேர்.”

சிரித்துவிட்டுப் போனார்.

பிறகு போரால் பாதை மூடி, பல்கலைக்கழக வளாகத்துக்குப் போக முடியாமற்போன காலத்தில் அந்த வலைப்பதிவுதான் எனக்கு வகுப்பு. அதைப் படித்தே சோதனை பாஸ் பண்ணினேன்.

அவர் வெளிநாடு போகுமுன் கடைசியாக எழுதினார்: “இந்தப் பதிவுகளால் ஒருவருக்கும் பயனில்லை போலும். நிறுத்துகிறேன்.”

அதன் கீழே நான் எழுதினேன்: “அது பிழை, சேர்.”