முதுகில் கிளிப் போட்ட கோட்டு

நேற்று பெங்களூரில் ஒரு கல்யாண விருந்தில், பக்கத்து இலைக்காரர் கோட்டிலிருந்து பாச்சா உருண்டை வாசனை வந்தது. எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

பத்தாவது படிக்கும்போது, பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் எனக்கு வேலை. அங்கே இருந்தது, பாச்சா உருண்டையும் வேர்வையும் சேர்ந்து நாறும் ஒரே ஒரு கோட்டு. யாருக்கும் பொருந்தட்டும் என்று முதுகுப் பக்கம் கழுத்திலிருந்து கீழேவரை கத்தரித்துவிட்ட அந்தக் கந்தலை, வருகிறவர்கள் முன்னாலிருந்து மாட்டிக்கொள்ள, நான் பின்னால் நின்று துணி காயப்போடும் கிளிப்பால் இழுத்துப் பிடிக்க வேண்டும். இந்த மகா வித்தைக்குத்தான் முதலாளி ஸ்டூலில் சாய்ந்துகொண்டு, "நீ இன்னா வேலையா செய்ற? தொழில் கத்துக்கறம்மா" என்று தினமும் பீற்றிக்கொள்வார்.

சுரங்கத்தை மூடிய வருஷம், செட்டில்மென்ட் பணம் வாங்கும் பாரத்தில் ஒட்டப் போட்டோ வேண்டும் என்று கூட்டம் கூட்டமாக வந்த தொழிலாளிகளுக்கும் அதே கோட்டுதான், அதே நாற்றம்தான். ஒருநாள் வரிசையில் அப்பா நின்றார்.

"இன்னாய்யா கூனிக்கினு நிக்கற? ஆபீசர் மாதிரி தெரிய வேணாமா?" என்று, என் அப்பா என்று தெரிந்தே அதட்டினார் முதலாளி.

அப்பா திரும்பிப் பார்க்காமல், "கிளிப்பு போடும்மா" என்றார். அவருடைய ஒடிசலான முதுகுக்கு எட்டுக் கிளிப் தேவைப்பட்டது. ஒவ்வொன்றாகப் போட்டேன்.

அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி, மாலை போட்டு மாட்டியிருக்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்கள், "அப்பா ஆபீசரா இருந்தாரா?" என்று கேட்கிறார்கள்.

ஆமாம் என்கிறேன். முதலாளியிடம் நான் கற்றுக்கொண்ட தொழில் அது ஒன்றுதான்.