குடும்பப் பெயர் இல்லாத நோயாளி

புரோகிராம் எழுதுவது பாதி வேலை. எழுதியது சரிதான் என்று நமக்கு நாமே சான்றிதழ் கொடுத்துக்கொள்வது மீதி. இந்தப் பிழைப்பில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது.

நூற்றுக்கு நூறு

டெல்லியில் ஒரு மருத்துவமனைக்கு, டயாலிசிஸ் நோயாளிகளின் அன்றாடப் பட்டியலைத் திரையில் காட்டும் புரோகிராம் எழுதினேன். சோதிக்கும்போது நிஜ டேட்டாபேஸைத் தொடுவதில்லை. அதிலிருந்து வரிவரியாகப் படித்துத் தரும் 'ரீடர்' இருக்கிறதே, அதன் இடத்தில் ஒரு டம்மியை உட்கார வைப்போம். நாம் சொல்லிக் கொடுத்ததை அது அப்படியே ஒப்பிக்கும்.

என் டம்மியில் மூன்று நோயாளிகள்: ராகுல் சர்மா, நேஹா குப்தா, அமித் வர்மா. எல்லா சோதனையும் பாஸ். பக்கத்து சீட் காவ்யா, டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், எட்டிப் பார்த்தாள்.

"அச்சா! கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களே. அப்புறம் எப்படி சார் ஃபெயில் ஆகும்?"

திங்களும் புதனும்

சரோஜினி நகரில் எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வரும் செல்விக்கு விழுப்புரம் பக்கம். அவள் வீட்டுக்காரர் முருகேசனுக்கு அதே மருத்துவமனையில் வாரம் இரண்டு டயாலிசிஸ். என் புரோகிராம் ஓடத் தொடங்கிய திங்கட்கிழமை, பட்டியலில் பெயர் இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "நாள் மாறிப் போயிருப்பீங்க, புதன்கிழமை போங்க" என்றேன் செல்வியிடம். நூற்றுக்கு நூறு வாங்கிய திமிர்.

புதனும் அதே கதை. அதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்ட கவுண்டர்காரரே திரையைப் பார்த்துக் கையை விரித்தாராம். முருகேசனுக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது.

"கம்ப்யூட்டர்ல பேரு இல்லன்னா ஆளே இல்லன்னு அர்த்தமாண்ணே?" என்று கேட்டாள் செல்வி.

காலிக் கட்டம்

மறுநாள் காலை ஆபீசுக்கு ஓடி நிஜ டேட்டாபேஸைத் திறந்தேன். முருகேசனுக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. காலிக் கட்டத்தைக் கண்டதும் என் புரோகிராம் அந்த வரியைக் கெட்டுப்போனது என்று தாண்டிப் போயிருந்தது. நம்மூரில் யாருக்கு இருக்கிறது குடும்பப் பெயர்? எனக்கே கிடையாது. டெல்லிக்கு வந்த நாள் முதல் எல்லா விண்ணப்பத்திலும் அந்த இடத்தில் அப்பா பெயரைப் போட்டு ஒப்பேற்றுகிறவன் நான். டம்மிக்கு ஆள் பிடித்தபோது என்னைப் போல் ஒருத்தன்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஒரு மணி நேரத்தில் திருத்திவிட்டேன். அதற்குள் முருகேசனை எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். பிழைக்கவில்லை.

பத்து நாள் கழித்துச் செல்வி வேலைக்கு வந்தாள். தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிலேருந்து போன் வந்துச்சுண்ணே. அவரு பேரு பட்டியல்ல வந்திருச்சாம், ஏன் வரலன்னு கேக்குறாங்க."

இப்போது என் டம்மியில் நாலாவது நோயாளியாக, குடும்பப் பெயர் இல்லாமலே, முருகேசன் இருக்கிறார். ஒவ்வொரு சோதனையிலும் தவறாமல் பாஸாகிறார்.