மாமியிடம் கேட்க வேண்டியிருந்த கேள்வி

மனைவி பயிற்சிக்காக மட்டக்களப்புக்குப் போயிருந்த வாரம், வீட்டில் மாமியும் நானும் மட்டும். கல்யாணமாகிப் பதினொரு வருஷமாகியும் என் மனைவியின் தாயாரும் நானும் நேரே நின்று நாலு வார்த்தை கதைத்ததில்லை. கோபம் ஒன்றுமில்லை, மரியாதைதான். நான் கூடத்துக்கு வந்தால் அவர் குசினிக்குள் போய்விடுவார்.

வியாழக்கிழமை எனக்குச் சீனன்குடாவில் வேலை இல்லாத நாள். முதல்நாள் மிஞ்சிய சோற்றைக் காலையில் மாமி முட்டையும் வெங்காயமும் போட்டு வதக்கி மேசையில் வைத்திருந்தார். ருசியாக இருந்தது. பத்து மணிபோல வயிற்றைப் பிரட்ட, குளியலறைக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. உள்ளே மாமி வாந்தி எடுக்கும் சத்தம். நான் பின்வளவு வேலியைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

அதன்பிறகு ஒருவர் வெளியே வர மற்றவர் உள்ளே போனோம், இருவரும் நிலத்தைப் பார்த்தபடி. தாகம் தாங்காமல் ஒரு செம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். குடித்த வேகத்திலேயே திரும்பி வந்தது.

மனைவிக்குப் போன் எடுத்தேன். அவள் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள்.

"மடமடவெண்டு குடியாதேங்கோ. பார்மசியில உப்புச்சீனித் தூள் பைக்கற் இருக்கு. கொதிச்சாறின தண்ணியில கரைச்சு, கரண்டி கரண்டியாக் குடியுங்கோ. அம்மாவுக்குச் சலம் போகுதோ எண்டு கேளுங்கோ."

"மூத்திரம் போகுதோ எண்டு நானோ கேக்கிறது? நீர் கேளுமன்."

"அவ போனை எடுக்கிறா இல்லை. வயசான ஆள், உடம்பில தண்ணி வத்தினால் ஆபத்து. பின்னேரம் வரைக்கும் போகாட்டில், இரத்தம் கண்டால், எழும்பி நிக்க ஏலாட்டில், உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கோ."

கிண்ணியாவிலிருந்து வந்து பக்கத்து வீட்டில் இருக்கும் முஸ்லிம் அக்காவை, எங்கள் ராத்தாவை, வேலியால் கூப்பிட்டுச் சொன்னேன். பைக்கற்றுகள் வந்தன. கரைத்து எடுத்துக்கொண்டு மாமியின் அறை வாசலில் நின்றேன்.

"மாமி, சலம் போனதோ?"

கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு சொன்னார்.

"காலமைக்குப் பிறகு இல்லைத் தம்பி."

கதிரையை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே இருந்தேன். அவருக்கொரு கோப்பையும் கரண்டியும், எனக்கொன்று. மணிக்கூட்டைப் பார்த்து இரண்டு நிமிஷத்துக்கு ஒரு கரண்டி. நடுவில் ஒருமுறை அவருக்கு வாந்தி வந்தது. பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி தொடங்கினோம். இரண்டு மணிக்குப் பிறகு இருவருக்கும் குடித்தது வயிற்றில் தங்கியது. மூன்று மணியளவில் மாமி மெல்ல எழும்பிப் போனார். திரும்பி வந்து வாசலில் நின்று சொன்னார்.

"தம்பி, போனது."

வேலைக் கடிதம் கிடைத்த நாளில்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

பின்னேரம் ராத்தா செவ்விளநீரோடு வந்தார். மாமி அவரைக் கவலையோடு பார்த்தார். "நேற்றைய சூரை மீன்தான் பழுதாக்கும். உங்களுக்கும் பாதி தந்தனான்."

"எங்கட வீட்டுல ஆறு பேர் அதைத்தான் சாப்பிட்டம். ஒருத்தருக்கும் ஒண்டும் இல்ல."

அப்படியானால் மீன் இல்லை. நாங்கள் இருவரும் சாப்பிட்டு அவர்கள் சாப்பிடாதது எது? எனக்குச் சட்டென்று விளங்கியது. முதல்நாள் இரவு கடைசியாகச் சாப்பிட்டவன் நான். சோற்றுப் பானையைப் பிரிட்ஜில் வைக்காமல் மேசையிலேயே விட்டுவிட்டுப் படுத்திருந்தேன். அதை மாமியிடம் சொன்னேன்.

"வடிவாச் சூடாக்கினனானே," என்றார் மாமி.

மனைவியைப் போனில் கேட்டோம். வெக்கையில் கிடந்த சோற்றில் ஒருவகைக் கிருமி நஞ்சை விட்டுவிடும் என்றும், பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது என்றும் சொன்னாள்.

"பிழை என்னுடையது மாமி."

"வதக்கித் தந்தது நான்தானே. பாதி உங்களுக்கு, பாதி எனக்கு." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். சிரிக்க வயிறு நொந்தது, அதற்கும் சிரித்தோம்.

அன்றிரவு உப்புக் கஞ்சி. மறுநாள் மத்தியானம் அடுப்பிலிருந்து இறக்கிய சுடுசோறும் பருப்பும். நான் இரண்டு கோப்பை சாப்பிட்டேன், மாமியும் குறைவில்லை. அப்போது போன் அடித்தது. லீவு கேட்டுக்கொண்டு இன்றே வரட்டுமா என்று மனைவி கேட்டாள். நான் பதில் சொல்ல முதல் மாமி போனை வாங்கினார்.

"வேண்டாம் பிள்ளை. நாங்கள் ரெண்டு பேரும் நல்ல சுகம். நீ பயிற்சியை முடிச்சிட்டு ஆறுதலா வா."