பொம்மையின் இடுப்பு

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எழுத்து கோணலாக இருக்கும், சிலது மறந்தும் போயிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விழுப்புரத்தில் இருக்கிறேன். திண்டிவனத்தில் இருக்கும் என் மகன் பொம்மை சேர்ப்பவன். ஆள் மாதிரியே மூட்டுக்கு மூட்டு மடங்குகிற, தலையில்லாத பொம்மை உடம்பு ஒன்று அவனுக்குப் பார்சலில் வந்திருந்தது. தலையைத் தனியாக வாங்கி மாட்டுவார்களாம். அவன் சோதித்து, நல்லதா இல்லையா என்று செல்போனில் பேசிப் போடுவதைக் கேட்டுத்தான் பலர் வாங்குகிறார்கள்.

நான் போன அன்று அவன் மாமியாரும் வந்திருந்தார்.

"அத்தை, நாத்து நடுற மாரி குனிஞ்சு நில்லுங்க. பொம்மை அப்படி நிக்குதான்னு பாக்கணும்" என்றான்.

அவர் குனிந்துகொண்டே, "இதுக்கு என் இடுப்பு வந்துட்டா மல்லாட்டைக் கடலை புடுங்க இட்டுக்கினு போயிடுவேன் மாப்ள!" என்றார். வீடே சிரித்தது. பொம்மையும் அவரைப் போலவே அழகாகக் குனிந்து நின்றது.

நாற்பது வருடம் நாற்று நட்டவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயிறு எரிந்தது.

அவர்கள் சாப்பிட எழுந்ததும் பொம்மையின் இடுப்பைப் பிடித்து முறுக்கினேன். 'டக்' என்றது. அதன் பிறகு நிறுத்த நிறுத்தக் கவிழ்ந்தது.

மகன் வந்து பார்த்தான். "இடுப்பு வீக்கு, வாங்காதீங்க" என்று செல்போனில் பேசிப் போட்டான். பிறகு என்னிடம் சொன்னான்: "உன் இடுப்பு மாரியேதாம்மா இதுவும். உனக்கு வலிக்குமேன்னுதான் அத்தையக் குனியச் சொன்னேன்."

முறுக்கியது நான்தான் என்று இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.

பெட்டியில் இருந்த கம்பெனிப் பெயர் மறந்துவிட்டது. அப்படி ஓர் உடம்பு உங்களிடம் இருந்தால், குனிய வைத்துப் பார்த்து எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அது நின்றால், அந்தக் கடிதத்தை மகனிடம் காட்டிவிடுகிறேன்; 'வாங்காதீங்க' என்றதை அவன் மாற்றிக்கொள்வான்.