மஹ்ரூப் வார்த்த வளைகள்

அலவத்துகொடயில் பிறந்த மஹ்ரூப் கண்டியில் பல் கட்டிக்கொண்டிருந்தார். திருகோணமலை வீதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே, மரப்படி ஏறினால் வரும் ஒற்றை அறைதான் அவருடைய பட்டறை. பல் பிடுங்குவது வேறொருவர் வேலை. பிடுங்கியபின் வெறுமையான வாய்க்கு மெழுகில் அச்சு எடுத்து, அச்சுக்குள் பிளாஸ்டர் வார்த்து, அதன்மேல் சிவப்பு ரப்பரில் ஈறும் பீங்கானில் பல்லும் வைப்பது இவர் வேலை. வார்ப்பைக் கையில் வைத்துப் பார்த்தே, அந்த ஆள் எந்தப் பக்கம் மெல்லுவார், வெற்றிலை போடுவாரா என்றெல்லாம் சொல்லிவிடுவார். ஆளைப் பார்த்தால் பெயர் மறந்துபோகும்.

1926இல் அவருக்கும் பாயிஸாவுக்கும் கலியாணம் நடந்தது. கட்டுகலையில் ஒரு சரிவில் வீடு எடுத்தார்கள். பின்புறம் எறும்புத் தொல்லை. ஒருநாள் வீட்டில் வைத்து ஒரு வார்ப்பை முடித்தவர், மீந்துபோன பிளாஸ்டர் இறுகுவதற்குள் அதை எறும்புப் புற்றின் வாயில் ஊற்றிவிட்டார். அது குடிக்கக் குடிக்க இறங்கிக்கொண்டே போனது. அத்துடன் மறந்தும் போனார்.

ஐப்பசி மழையில் சரிவு கொஞ்சம் இடிந்தது. காலையில் பானை கழுவப் போன பாயிஸா அங்கேயே நின்றுவிட்டாள்.

"இஞ்ச ஒருக்கா வாங்களே. மண்ணுக்குள்ள வெள்ளையா ஒரு மரம் ஈக்கி."

தண்டிலிருந்து கிளை பிரிந்து, ஒவ்வொரு கிளையிலும் தட்டையான இலைகள்போல அறைகள். எறும்புகள் கட்டிய வீட்டின் வெறுமை அப்படியே வெளுத்து நின்றது. ஒரு அறையின் ஓரத்தில் எறும்பொன்று பாதி உடலோடு பிளாஸ்டரில் ஒட்டியிருந்தது. மஹ்ரூப் வார்ப்பைப் பார்த்தார். பாயிஸா எறும்பைப் பார்த்தாள்.

"இனி ஊத்துறண்டா ஆள் இல்லாத வீட்டுல ஊத்துங்க" என்றாள்.

அதற்கு வழியும் அவளே கண்டுபிடித்தாள். வளையின் வாயில் குறுக்காக ஒரு வைக்கோல் துரும்பை வைப்பாள். மூன்று நாள் துரும்பு அசையாமலிருந்தால்தான் பிளாஸ்டர். அசைந்தால் உள்ளே ஆள் உண்டு. அவர்கள் போகும்வரை காத்திருக்க வேண்டும். இப்படிக் காத்திருந்து காத்திருந்தே எந்தப் பூச்சி எந்த வளைக்குச் சொந்தம் என்பது அவளுக்குப் பழகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தால் இருவரும் குடையும் கரண்டியுமாகப் புறப்படுவார்கள். பாம்புக்கு மருந்து வைக்கிறார்கள் என்று அயலில் பேசிக்கொண்டார்கள். வீட்டு அலுமாரியில் கோப்பைகளுக்குப் பதில் வெள்ளை வார்ப்புகள் நிரம்பின. சில்வண்டின் வளை முழங்கைபோல் மடிந்திருக்கும். மண்தேனீயின் வளையில் திராட்சைக் குலைபோல் சின்ன அறைகள் தொங்கும். மத்தியான வெயில் அலுமாரிக் கண்ணாடியில் விழும்போது, பூமிக்கு அடியில் இருக்கும் ஊரொன்று வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

1931இல் அம்பிட்டிய வீதியோரம் மண்மேடு ஒன்று சரிந்தது. ஒரு நோயாளிக்குப் பல் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் மஹ்ரூப் அதைப் பார்த்தார். மேலே சிவந்த மண். அதன்கீழ் ஆற்றில் உருண்ட கூழாங்கற்கள் ஒரு முழம். அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில், கல்போல் இறுகிய மண். அந்த இறுகிய மண்ணில் குலை குலையாகச் சின்ன அறைகள்.

அவர் வீதியோரத்திலேயே குந்திவிட்டார். இந்தக் குலை அலுமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. மண்தேனீயின் வீடு. ஆனால் கூழாங்கல்லுக்குக் கீழே தேனீ எப்படி வீடு கட்டும்? மேலே ஆறு ஓடியிருக்கிறது. அப்படியென்றால் ஆறு வருவதற்கு முன்பு இது வெயில் பட்ட தரை. இங்கே பூ இருந்திருக்கிறது. ஏதோ ஒரு பகல்பொழுதில் ஒரு தேனீ மகரந்தம் சுமந்து வந்து, இந்த வாசலில் இறங்கியிருக்கிறது. ஆறு வந்து, ஆறும் போய், மலையில் வீதி வெட்டியாகிவிட்டது. அந்தத் தேனீயின் அறை மட்டும் அப்படியே இருக்கிறது. வண்டிக்காரன் ஒருவன் பின்னால் நின்று சத்தம் போட்டும் அவருக்குக் கேட்கவில்லை.

அவருடைய வாடிக்கையாளர்களில் வீரசிங்கம் என்றொரு யாழ்ப்பாணத்தார் இருந்தார். கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். மேல்வரிசைப் பல் முழுதும் மஹ்ரூப் கட்டியது. அவர் வீட்டுக்கு வந்து அலுமாரியையும், மஹ்ரூப் அந்த மேட்டிலிருந்து பெயர்த்துவந்திருந்த மண்கட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நானா, நீங்கள் செய்யிறது என்னவெண்டு உங்களுக்குத் தெரியுமோ? பழைய மண்ணிலை பூச்சியள் விட்ட சுவட்டை ஆராயிறதுக்கெண்டே படிச்ச ஆக்கள் இருக்கினம்."

"பூச்சி இல்லையே மாஸ்டர். ஊடு மட்டுந்தானே ஈக்கி?"

"ஓம். எலும்பில்லாத சீவனுக்கு வீடுதான் மிச்சம். அதைத்தான் அவையள் தேடுகினம்."

கல்கத்தாவில் அந்த ஆராய்ச்சி செய்யும் நந்தி என்பவருக்கு வீரசிங்கம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். பல் அனுப்பும் பெட்டிகளில் பஞ்சு வைத்து, கல்லான அறைகளும் அவற்றோடு ஒத்துப்போகும் வெள்ளை வார்ப்புகளும் கப்பல் ஏறின. பதில் வர நாலு மாதம் ஆனது. உயிரோடு இருக்கும் பூச்சியின் வளையையும் கல்லான வளையையும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் தனக்கு அனுப்பியதில்லை என்று நந்தி எழுதியிருந்தார். அனுப்பிய கல் வளைகளில் ஒன்றைப் பற்றி மட்டும் தனியாகக் கேட்டிருந்தார். திருகாணிபோல் சுற்றிச் சுற்றி இறங்கி, அடியில் ஒரேயொரு அறையோடு முடியும் வளை. அதற்கு இணையாக வார்ப்பு அனுப்பவில்லையே?

மஹ்ரூபிடம் இல்லை. அப்படியொரு வளையை அவர் எங்கும் பார்த்ததில்லை. இரண்டு வருடம் தேடினார்கள். ஹந்தானைச் சரிவில் தேடினார்கள், ஆற்றங்கரையில் தேடினார்கள். அடுத்த கடிதத்தில் நந்தி, இதைக் கட்டிய பூச்சி பூமியிலிருந்தே அற்றுப்போயிருக்க வேண்டும், அப்படித்தான் எழுதப்போகிறேன் என்று சொன்னார்.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு மஹ்ரூப் மெழுகை எடுத்தார். வெறும் வாயிலிருந்து ஆளை அறிகிறவர் அல்லவா? அதே மேட்டில் எடுத்துத் தன்னிடம் மீதி வைத்திருந்த இன்னொரு திருகு கல் வளையின் அகலத்தை அளந்து, அதற்குள் திரும்பக்கூடிய உடலை மெழுகில் செதுக்கினார். இவ்வளவு பருமன், இவ்வளவு குட்டைக் கால். பட்டறை மேசையில் பற்களுக்கு நடுவே, யாரும் பார்த்திராத அந்தப் பூச்சி இருந்தது. கனவில் அது திருகுப்படியில் இறங்கிக்கொண்டே இருந்தது என்று பாயிஸாவிடம் சொன்னார்.

1936இல் தங்கையின் பிள்ளைப்பேற்றுக்காகப் பாயிஸா அலவத்துகொட போயிருந்தாள். மிளகுக்கொடிக்குப் பின்னால், கூரை இறவாணத்தின் கீழே மழை படாத மண்ணில் ஒரு சின்ன ஓட்டை. விளிம்பில் எறிந்திருந்த மண் வட்டமாகச் சுழன்று விழுந்திருந்தது. அவள் யாரையும் கூப்பிடவில்லை. துரும்பு வைத்தாள். துரும்பு அசைந்தது. மூன்று நாள் ஒரு பலகையைப் போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் கண்டிக்குச் சொல்லி அனுப்பினாள்.

மஹ்ரூப் பஸ்ஸில் வந்து இறங்கினார். இருவரும் மண்ணில் குந்தினார்கள். சற்று நேரத்தில் ஈயைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் தேனீ ஒன்று வந்து, வாசலில் இடப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே போனது.

"இதானா?" என்று கிசுகிசுத்தார்.

"பொறுங்க. ஆள் போகட்டும். பொறகு ஊத்திப் பாப்பம்."

"பின்னங்காலெல்லாம் மயிரு. நான் மெழுகுல மயிரே வெக்கல்ல பாயிஸா." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் முட்டியது.

துரும்பு அசையாமல் போக ஏழு வாரம் ஆனது. பிளாஸ்டர் ஊற்றி, இறுகவிட்டு, தோண்டி எடுத்தார்கள். கல்லுக்கும் வார்ப்புக்கும் சுற்றுக்குச் சுற்று வித்தியாசமில்லை.

நந்தியின் பதிலை வீரசிங்கம் பட்டறையில் நின்றபடியே தமிழில் சொன்னார். "அற்றுப்போனதெண்டு எழுதின வரியை வெட்டிவிட்டாராம். தான் பிழைவிட்டதுக்கு இவ்வளவு சந்தோசப்பட்டது இதுதான் முதல்தடவையாம்."

1938இல் அந்த ஆராய்ச்சி அச்சாகி வந்தது. வீரசிங்கம் அதைக் கட்டுகலை வீட்டுக்கே கொண்டுவந்து, கதிரையில் உட்கார்ந்து ஒரு பக்கத்தைத் திறந்து விரல் வைத்துக் காட்டினார். கண்டியில் பல் கட்டும் மஹ்ரூப் வார்த்தது, அவர் மனைவி பாயிஸா உயிரோடு கண்டது என்று இரண்டு பேருடைய பெயர்களும் இருந்தன. மஹ்ரூப் அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தார். பாயிஸா கதவருகே நின்று கேட்டாள்.

"மாஸ்டர், மழ வந்தா அந்தத் தேனீ உள்ளுக்குப் போய்ப் படுக்கிறல்ல. வாசல்ல தலைய வெச்சி அடச்சிக்கிட்டு ஈக்கும். அத எழுதீக்காரா?"

வீரசிங்கம் பக்கங்களைப் புரட்டினார். முன்னும் பின்னும் தேடினார்.

"இல்லைப் பிள்ளை, அதைக் காணேல்லை."

"அப்ப இன்னொரு கடதாசி எழுதுங்களே" என்றாள் பாயிஸா. மஹ்ரூப் மையும் தாளும் எடுக்க எழுந்தார்.