விசில் இல்லாத எஞ்சின்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். தேயிலை ஃபேக்டரியில் மெஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டர் வேலை பார்த்தவன், கையால் தொட்டுப் பார்க்காத எதையும் நம்பியதில்லை. அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

அது, ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்தபிறகு, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் போட்ட அவசரகாலம். ரிங்லெட் பக்கத்தில் இருந்த எங்கள் எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். ஒரு பிடி சோறுகூட கேட்டைத் தாண்டக்கூடாது. காட்டில் ஒளிந்திருக்கிறவர்களுக்குக் கொண்டுபோகிறோம் என்று பிடித்துப் போய்விடுவார்கள்.

ஒருநாள் காலையில் ஃபேக்டரிக்குள் நுழைந்ததும் துரை கூப்பிட்டார். தாப்பா போகிற வழியில், கீழ்க்காட்டில், பட்டாளத்தார் ஒரு பழைய ரயில் எஞ்சினைப் பார்த்திருக்கிறார்களாம், அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை, போய்ப் பார்த்துச் சொல் என்றார். ஜப்பான்காரன் வருவதற்கு முன் அந்தப் பக்கம் மரம் இழுக்க ஒரு குட்டி ரயில் ஓடியது. அதை ஓட்டியவர் என் அக்கா புருஷன். விறகு அள்ளிப் போட்டவன் நான். நான் காய்ச்சலில் கிடந்த நாளில் எஞ்சினையும் மச்சானையும் சேர்த்து ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று சேதி வந்தது. அங்கே போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைச்சல். ஆனாலும் அக்கா பொட்டை அழிக்கவில்லை. எஞ்சின் எங்கேயோ அவரும் அங்கேதான் என்பாள்.

பட்டாளத்து சார்ஜன் ஒருவரோடு லோரியில் போய்ப் பார்த்தேன். அந்த எஞ்சின் சயாமுக்குப் போகவே இல்லை. கூரையைப் பிளந்துகொண்டு ஒரு மரம் வளர்ந்து நின்றது. ஏறுகிற படியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, மச்சானும் நானும் சேர்ந்து ஒட்டுப்போட்ட படி அது. இதுதான் என்றேன். விசிலை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள், குழாயில் குளவி கூடு கட்டியிருந்தது. பாய்லரில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. ஒரு எலும்பு, ஒரு கிழிந்த துணி, ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிச் சுற்றித் தேடினேன். ஒன்றுமில்லை. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று லோரியில் திரும்பும் வழியெல்லாம் அதே யோசனை.

மத்தியானம் எஸ்டேட் கேட்டுக்கு வந்தால் கூட்டம். அக்கா கையில் ஒரு இலைப் பொட்டலம். காவலுக்கு நின்றவர் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்து அவளை மறித்துக்கொண்டிருந்தார். லோரியிலிருந்து குதித்து ஓடிப்போய் அவளை இழுத்தேன்.

"விடுடா தம்பி. மச்சான் வந்தாருடா. எஞ்சின் விசிலு கேட்டுச்சு, சுடுதண்ணி வெச்சேன். குளிச்சாரு. சோறு போடறதுக்குள்ள கெளம்பிட்டாரு. பசியோட போறாருடா."

நம்புங்கள், எஞ்சினைப் பற்றி அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. விடியலிலேயே கொழுந்தெடுக்க மலைக்குப் போனவள், கொஞ்சம் முன்னால்தான் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள்.

என்னோடு வந்த சார்ஜனிடம் கையெடுத்துக் கும்பிட்டேன், புருஷனைப் பறிகொடுத்தவள், புத்தி கலங்கிப்போச்சு என்றேன். அவர் பொட்டலத்தைப் பிரித்தார். சோறும் கருவாடும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடி மடித்து அவள் கையிலேயே கொடுத்து, வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்.

வழியில் நான் மெல்லச் சொன்னேன். "எஞ்சினப் பாத்துட்டு வரேன்க்கா. இங்கதான் கீழ காட்டுல கெடக்கு. மச்சான் இல்ல."

"அதத்தான் சொல்லிட்டுப் போக வந்திருக்காரு" என்றாள்.

அன்று சாயங்காலம் அவளே பொட்டை அழித்தாள். அந்தச் சோற்றை யாரும் தொடவில்லை.

நான் குளிக்கிற இடத்தைப் போய்ப் பார்த்தேன். வாளியில் பாதித் தண்ணீர். கொடியில் ஒரு துண்டு ஈரமாகத் தொங்கியது. மச்சானுடைய துண்டு, இத்தனை காலமும் அக்கா பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தது. அதில் கை துடைத்த மாதிரி எஞ்சின் கிரீஸ்.

அக்கா போய்ச்சேர்ந்தபிறகு அந்தத் துண்டு என்னிடம் வந்தது. கிரீஸ் எவ்வளவு நாளில் காய்ந்து இறுகும் என்று எனக்குத் தெரியும், அதுதானே என் தொழில். இன்றைக்கும் அந்தத் துண்டில் விரல் வைத்தால் கறுப்பாக ஒட்டுகிறது.