வெறும் சுருள் காட்டிய சூடு

தொடாமல் சூடாக்குவதுதான் எங்கள் தொழில். பேனாவை விடக் கொஞ்சம் பருமனான ஒரு கருவி. அதற்குள் செப்புக் கம்பிச் சுருள், சுருளின் நடுவே புகையிலைத் துண்டு, புகையிலைக்குள் நகத்தின் அகலம்கூட இல்லாத ஓர் இரும்புத் தகடு. சுருளில் மின்சாரம் மின்னல் வேகத்தில் திசை மாறி மாறி ஓடினால், யாரும் தொடாமலே தகடு சூடேறும். புகையிலையிலிருந்து ஆவி வர வேண்டும், ஆனால் அது கருகக் கூடாது. இந்த 'ஆனால்' ஒன்றைச் சமாளிப்பதற்காகத்தான் 2009இல் லண்டனின் எட்மண்டனில், கார் திருத்துமிடம் ஒன்றின் மாடியில், எங்கள் ஐந்து பேருக்குச் சம்பளம் தந்தார்கள்.

படிப்பு முடிந்து எட்டு மாதம் தேடிய பிறகு எனக்குக் கிடைத்த வேலை அது. புகையிலையின் சூட்டை அளந்து எழுதுவது என் பங்கு. ஆறு மாதத் தகுதிகாண் காலம் ஒக்டோபரின் கடைசி வெள்ளிக்கிழமை முடிய இருந்தது. அதற்கு முதல்நாள் வாடிக்கையாளர் வருகிறார். அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தால் என் வேலை நிரந்தரம், வைக்காவிட்டால் மாடியையே பூட்ட வேண்டியதுதான் என்று முதலாளி கிரஹாம் சொல்லியிருந்தார். கருவி காட்டும் எண்ணை நம்பிப் பிழைக்கும் எல்லோரும் எனக்கு உறவு. நீங்கள் ஆஸ்பத்திரியில் இரத்த அழுத்தம் பார்ப்பவராக இருக்கலாம், கடையில் தராசு பிடிப்பவராக இருக்கலாம். அந்த எண் பிழைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

சாமணம்

முதல் வாரம். தகட்டை இடுக்கி வெளியே எடுப்பதற்கு, மின்சாரத்தை நிறுத்த மறந்து, இரும்புச் சாமணத்தைச் சுருளுக்குள் விட்டேன். தகட்டைச் சுடும் சுருள் சாமணத்தையும் சுட்டது. நுனி புறங்கையில் பட்டுத் தோல் பொசுங்கியது. நான் கத்தவில்லை. கத்துவதற்கும் எனக்கு வெட்கம். பல்லைக் கடித்துக்கொண்டு, ஏதோ கோப்பை கழுவப் போகிறவள் மாதிரித் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடந்தேன்.

எங்களுக்குச் சுருள் சுற்றித் தருபவர் யூட் அண்ணை. மன்னார்க்காரர், ஜெர்மனியில் பத்து வருடம் மோட்டார் திருத்திவிட்டு லண்டன் வந்தவர். சுருளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "கத்தினா ஒருத்தரும் காசு கேக்க மாட்டினம், தங்கச்சி. கையைத் தண்ணிக்குள்ள வடிவாப் பிடி."

மணம்

நான் வால்தம்ஸ்டோவில் சித்தி வீட்டில் இருந்தேன். என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு "சின்னச் சின்ன ஹீட்டர் செய்யிறம்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். சித்தி அதைக் குளியலறை ஹீட்டர் என்று எடுத்துக்கொண்டு கோயிலில் எல்லோருக்கும் சொல்லியிருந்தா. நான் திருத்தவில்லை.

ஆனால் மேலங்கி பொய் சொல்லாது. விசிறி எவ்வளவு இழுத்தாலும் சூடான புகையிலையின் மணம் கம்பளித் துணியில் ஒட்டிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நடுவில் சித்தி என் தோள்பக்கம் குனிந்து மூக்கை உறிஞ்சினா. பிறகு பூசை முடியும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை. வாசலுக்கு வந்ததும் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தா: "உண்மையச் சொல்லு பிள்ளை. சிகரெட் குடிக்கிற பெடியன் ஆர்?"

தகடு இல்லாத நாள்

வாடிக்கையாளர் வரும் வாரத்துத் திங்கட்கிழமை. புதுப் புகையிலைத் துண்டு ஒன்றை வைத்து, அதற்குள் வெப்பமானிக் கம்பியைச் செருகி, சுவிட்சை அழுத்தினேன். எண் ஏறியது. நூறு, நூற்றைம்பது, நூற்றுத் தொண்ணூறு. குறிப்பேட்டில் எழுதக் குனிந்தபோது மேசையில் இரும்புத் தகடு கிடப்பதைக் கண்டேன். உள்ளே வைக்க மறந்துபோயிருந்தேன். சுருளுக்குள் சூடாவதற்கு ஒன்றுமே இல்லை. எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

விளங்க அரை நிமிடம் ஆயிற்று. வெப்பமானிக் கம்பியும் உலோகம்தான். சுருள் அதையும் சூடாக்குகிறது. அது புகையிலையின் சூட்டோடு தன் சொந்தக் காய்ச்சலையும் சேர்த்துக் காட்டியிருக்கிறது. மூன்று மாதமாக நான் எழுதிய ஒவ்வொரு எண்ணும் பிழை. எண் ஏறியும் ஆவி குறைவாக வருவதைப் புகையிலையின் ஈரத்தால் என்று நானே காரணம் எழுதி, நாற்பது பக்க அறிக்கையாக, என் பெயர் போட்டு, வாடிக்கையாளருக்கு அனுப்பியாகிவிட்டது.

யூட் அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு தரம் தானே செய்து பார்த்தார். பிறகு சுவிட்சை நிறுத்தினார். "இது எங்களுக்குள்ளயே இருக்கட்டும் எண்டு சொல்ல எனக்கு ஆசைதான். ஆனா உன்னால ஏலாது. மூஞ்சையப் பாக்கவே தெரியுது."

புதன்கிழமை

கிரஹாமிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் எடுத்தது. திங்கள் மின்னஞ்சல் எழுதி அழித்தேன். செவ்வாய் அவர் அறை வாசல்வரை போய், ஸ்டேப்ளர் கேட்டு வாங்கி வந்தேன். புதன் காலை அதைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் உள்ளே போய், நின்றபடியே சொல்லி முடித்தேன்.

அவர் சாண்ட்விச்சை மெதுவாகக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "வெள்ளிக்கிழமை சொல், கேட்கிறேன். நாளைக்கு வாடிக்கையாளர் முன்னால் உனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. உனக்கு அது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லையே."

வியாழக்கிழமை

வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து வந்தவர் ஹெலன் என்ற பொறியியலாளர். நரைத்த தலை, ஒரு பேனா, என் அறிக்கை. பற்றரியைப் பற்றிக் கிரஹாமிடம் கேட்டார். சுருளைப் பற்றி யூட் அண்ணையிடம் கேட்டார். பிறகு பக்கத்தைப் புரட்டி என்னைப் பார்த்தார்: இந்த வெப்பநிலைகளை எப்படி அளந்தீர்கள்? கிரஹாம் என்னைக் காட்டி முந்திக்கொண்டார், டிலானிக்கு இன்று தொண்டை சரியில்லை என்று.

உண்மையிலேயே என் வாய் திறக்கவில்லை. வெட்கமா பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கைதான் போயிற்று. புகையிலையையும் தகட்டையும் வெளியே எடுத்து அவர் முன்னால் வைத்தேன். வெறும் சுருளுக்குள் வெப்பமானிக் கம்பியை விட்டு சுவிட்சை அழுத்தினேன். எண் ஏறத் தொடங்கியது. நூற்றுத் தொண்ணூறைத் தாண்டியபோதுதான் குரல் வந்தது. "உள்ளே ஒன்றும் இல்லை" என்றேன்.

ஹெலன் இன்னொரு தரம் செய்யச் சொன்னார். செய்தேன். பிறகு கைத்தொலைபேசியோடு படிக்கட்டுப் பக்கம் போனார். யூட் அண்ணை என்னைப் பார்க்கவில்லை. கிரஹாம் யன்னலைப் பார்த்தார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்த ஹெலன் பேனாவை மூடினார். "எங்கள் ஆய்வுகூடத்திலும் இதே கம்பியால் அளந்து, உங்கள் எண்கள் அச்சாகப் பொருந்துகின்றன என்று எனக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். இன்று கையெழுத்து இல்லை. சரியான எண்களோடு ஜனவரியில் கூப்பிடுங்கள்."

வெள்ளிக்கிழமை

மாடி பூட்டப்படவில்லை. என் மேசையில் ஒரு கடித உறை இருந்தது. பிரிக்காமலே மதியம்வரை வைத்திருந்தேன். கடைசியில் கிரஹாமே வந்து நின்று பிரிக்கச் சொன்னார். தகுதிகாண் காலம் இன்னும் மூன்று மாதம் நீட்டப்பட்டிருந்தது. ஏன் என்று நான் கேட்டதாக எடுத்துக்கொண்டு அவரே பதில் சொன்னார்: "உன்னை அனுப்பினால் பிழையைக் கண்டுபிடித்தவளை அனுப்பியதாகும். வைத்திருந்தால் பிழை விட்டவளை வைத்திருப்பதாகும். எனக்கு யோசிக்க நேரம் வேண்டும்."

உலோகமே கலக்காத கண்ணாடி இழை வெப்பமானி ஒன்று வந்து சேர்ந்து, புதுக் குறிப்பேட்டின் முதலாம் பக்கத்திலிருந்து மறுபடியும் அளக்கத் தொடங்கியபோதுதான், எங்கள் தொழிலில் பிழையை ஒப்புக்கொள்பவருக்குக் கிடைக்கும் ஒரே பரிசு அதே வேலையை இன்னொரு தரம் செய்வது என்பது எனக்கு விளங்கியது.